கலப்பை செய்தவருக்குக் களத்தில் நெல் எங்கே?

ஆங்கிலத்தில் விடுதலைக்கும் விலையின்மைக்கும் 'பிரீ' என்னும் ஒரே சொல்தான். ஆதலின், 1983இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய இரிச்சர்டு சுடால்மன், தாம் வேண்டுவது உரிமையே, விலையின்மை அன்று எனப் பல்லாண்டு விளக்கவேண்டியதாயிற்று. நமக்கு அவ்விடர் இல்லை. கட்டற்றது வேறு, விலையற்றது வேறு. மொழி பிரித்துத் தந்ததை நாமோ ஒன்றாகக் குழப்பி, கட்டற்ற மென்பொருள் எனின் கூலியற்ற மென்பொருள் எனக் கொண்டுவிட்டோம்!

அண்மையில் எம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர் அனுமந்தன்பட்டிக்கு வந்திருந்தார். ஈராண்டு உழைத்துத் தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்றை இயற்றி, அதன் நிரல் முழுவதையும் பொதுவில் வைத்தவர். நாள்தோறும் அதனால் பயன்பெறும் அச்சகத்தார் ஒருவர், தமக்கென ஒரு மாற்றம் செய்து தரக் கேட்டனராம். இவர் கூலி கேட்டதும், "தமிழுக்குச் செய்வதற்குமா காசு?" என்றனராம். தாள் வாங்குமிடத்தில் அவர் இவ்வாறு வினவுவரோ? இன்று அவ்விளைஞர் அயலார் கணக்கு மென்பொருளுக்கு உழைக்கின்றார். பிழைதிருத்தி பிழையோடு கிடக்கின்றது.

இஃது இங்கு மட்டும் உள்ள கேடன்று. இணையத்தின் பெரும்பகுதியைக் காத்துவந்த ஓப்பன் எசு.எசு.எல். என்னும் கட்டற்ற மென்பொருளில் 2014இல் பெருங்குறை வெளிப்பட்டது. அதன்பின்னரே, அதற்கு முழுநேரம் உழைத்தவர் ஒரே ஒருவர் என்பதும், ஆண்டு நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்கத் தாலர் என்பதும் உலகுக்குத் தெரியவந்தன.

அதற்காக நிரலைப் பூட்டிவைப்பதே வழி என்பாரோடும் யாம் உடன்படோம். ஒருங்குறிக்கு முன், ஆளுக்கொரு குறியேற்றத்தில் எழுத்துரு விற்றனர். ஒன்றில் தட்டச்சிட்டது மற்றொன்றில் படிக்கவியலாது போயிற்று. தமிழா குழுவினரின் எ-கலப்பையோ, விலையின்றி எண்ணற்றோரைத் தமிழில் எழுதவைத்தது.

கலப்பை என்றதும் எம் கம்பம் பள்ளத்தாக்கின் பழைய வழக்கம் நினைவிற்கு வருகின்றது. ஏர் செய்த தச்சர்க்கும் கொழு அடித்த கொல்லர்க்கும் அன்றன்று காசு கொடுத்தாரில்லை. அறுப்புக் களத்தில் அவர்க்கு நெல்லளந்த பின்னரே உழவர் மூட்டை கட்டினர்.

இன்று எழுத்துக் களத்தில் விளைச்சல் காண்போர் அச்சகத்தாரும் பதிப்பகத்தாரும் அரசு அலுவலகங்களுமே. அளக்கவேண்டியவரும் அவரே. பாவாணர் முதலியோர் நூல்களை நாட்டுடைமையாக்கிப் பரிவுத்தொகை வழங்கிய தமிழ்நாட்டரசு, தமிழ் மென்பொருளையும் விலைகொடுத்துப் பெற்றுப் பொதுவாக்கலாகாதா? ஒன்று மட்டும்: நூலாசிரியர் பலர்க்குச் செய்தாற்போல் இறந்தபின் அன்று, இயற்றியவர் உண்ண உயிரோடிருக்கையிலேயே.

அவ்வச்சகத்தார்க்கு யாம் மடல் எழுதியுள்ளோம். விடை இன்னும் வரவில்லை.