யார் பட்ட கடன்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் கையில் ஒரு கடிதத்தோடு என்னைத் தேடி வந்தார். வள்ளூரில் அனல் மின் நிலையம் எழும்பிய நாளிலிருந்து இந்த வட்டாரத்து ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாக உழைத்து வருபவர். ஐந்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்.

"தம்பி, நீ எழுதுற ஆளு. இதுல இன்னா எழுதிக்கீறான், கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார்.

ஒரு பாங்கியின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் அது. முழுக்க ஆங்கிலம். அவருடைய மகன் எஞ்சினீயரிங் படிக்க வாங்கிய கடனில் இத்தனை லட்சம் பாக்கி. பதினைந்து நாளில் கட்டத் தவறினால் சட்டப்படி நடவடிக்கை. மகன் பெயருக்குக் கீழே இவர் பெயரும் இருந்தது. தகப்பனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தானே பிள்ளைக்குக் கடன் கிடைக்கும்!

"வீட்டிலேயே எஞ்சினீயர் இருக்கும்போது என்னிடம் ஏன் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அவங்கிட்ட எப்படிப்பா காட்டுவேன்? இப்பவே மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேன்றான்" என்றார்.

மகனையும் எனக்குத் தெரியும். ஒரு தனியார் கல்லூரியில் நான்கு வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவன். இன்று தகப்பனைப் போலவே அவனும் ஒப்பந்தக் கூலிதான். வேறொரு காண்டிராக்டர், மாதம் பதினைந்தாயிரம் ரூபாய்.

ஓய்வு பெற்ற பாங்கி அதிகாரியான என் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனாலும் பட்டென்று சொன்னார்: "வாங்கின கடனைத் திருப்பிக் கட்டுவதுதானே ஐயா யோக்கியதை?"

யோக்கியதையைப் பற்றிப் பேசலாம், சந்தோஷம். முதலில் வாங்கினவன் யார் என்று தெரிந்துகொண்டு பேசுவோம்.

கல்விக் கடனில் கட்டணத் தொகையைப் பாங்கி மாணவன் கையில் கொடுப்பதில்லை. நேரே கல்லூரிக்கு அனுப்புகிறது. பையன் பாடம் கற்கும் முன்பே கல்லூரிக்குப் பணம் வந்துவிடுகிறது. ஆசிரியர் உண்டா, பட்டறையில் யந்திரம் ஓடுகிறதா, முடித்தவனுக்கு உத்தியோகம் கிடைத்ததா என்ற கேள்விகளுக்கு அந்தப் பணம் காத்திருப்பதில்லை. பாங்கிக்கோ வட்டி வருகிறது. பேரம் முடிந்தபின் மிஞ்சுகிற நஷ்ட பயம் முழுவதும் இருபத்திரண்டு வயதுப் பையனின் தலையிலும், ஐந்தாவது படித்த அவனுடைய அப்பன் தலையிலும் வந்து விழுகிறது. பணம் வாங்கியது கல்லூரி, கடன்காரன் மாணவன். உலகத்தில் வேறு எந்த வியாபாரத்திலாவது இப்படி ஒரு நியாயம் உண்டா?

கணக்கையும் பார்த்துவிடுவோம். வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருஷத்தில் 4 லட்சம். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது. ஆனால் வட்டி உண்டு. தனி வட்டியாகவே போட்டாலும், முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் 5 லட்சத்து 40 ஆயிரம். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் ஏழாயிரத்துச் சொச்சம் கட்ட வேண்டும். பதினைந்தாயிரம் சம்பளக்காரன் பாதியைக் கட்டிவிட்டு மீதியில் வாடகை கொடுத்து, அரிசி வாங்கி, தங்கைக்குக் கல்யாணமும் செய்ய வேண்டும்!

"ஏழைகளுக்கு வட்டி மானியம் இருக்கிறதே" என்பார் நண்பர். இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் கால வட்டியை மத்திய சர்க்கார் ஏற்கும் திட்டம் 2009-இல் வந்தது. அது முழுசாகக் கிடைத்தால்கூடத் தவணை மாதம் ஐயாயிரத்துக்குக் கீழே இறங்காது. அதுவும் 2018-க்குப் பிறகு, தரச் சான்று பெற்ற கல்லூரியில் அல்லது படிப்பில் சேர்ந்தவனுக்குத்தான். மட்டமான கல்லூரியில் ஏமாந்தவனுக்கு அந்த மானியமும் இல்லை. ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனைத் தண்டிப்பது நமக்குப் பழகிப்போன தர்மம்.

1984-ஆம் ஆண்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டில் கதவு திறந்தது. பிறகு அவை ஐந்நூறுக்கும் மேலாகப் பெருகின. 2001-இல் கல்விக் கடன் திட்டம் வந்தது. நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம் என்றார்கள். அதற்கு முன்பே, பணமில்லாமல் கல்லூரியை இரண்டாம் வருஷத்தில் விட்டவன் நான். என்னைப் போல இனி ஒருவனும் பாதியில் நிற்கமாட்டான் என்று அன்று அந்தத் திட்டத்துக்குக் கை தட்டினேன். தட்டிய கை இப்போது கூசுகிறது. என் படிப்பு நின்றதே தவிர, என் அப்பாவுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். நாட்டின் மிகப் பெரிய பாங்கி வராத கல்விக் கடன்களை ஒரு தனியார் கம்பெனிக்குப் பாதி விலைக்கும் குறைவாக விற்றது. 2016 ஜூலையில் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்டான். வசூல்காரர்களின் நெருக்குதல்தான் காரணம் என்று அவன் குடும்பம் கதறியதைப் பத்திரிகைகள் எழுதின. கம்பெனிக்குப் பாதி விலைக்குக் கொடுக்க முடிந்த கடனை, அதே விலைக்கு அந்தப் பையனுக்குக் கொடுத்து, "போ, பிழைத்துப் போ" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

அரசியல்வாதிகளைக் கேட்கவே வேண்டாம். கல்விக் கடன் சுமையை இறக்குவோம் என்று 2016-இல் அ.தி.மு.க. சொன்னது; வென்றது. 2021-இல் தி.மு.க. சொன்னது; வென்றது. எங்கள் தெருக்கோடிக்கு வந்தது நோட்டீஸ்தான்.

முடியாத காரியமா இது? அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் ஏழரை விழுக்காடு இடம் ஒதுக்கி, அவர்கள் கட்டணத்தை அரசே கட்டும் என்று 2021-இல் செய்துகாட்டினார்களே! ஏழரை விழுக்காட்டுக்கு நியாயமாகப் பட்டது மற்ற ஏழைகளுக்கு ஏன் படவில்லை? இங்கிருந்து ரயிலேறினால் பொன்னேரியில் அரசுக் கல்லூரி இருக்கிறது. சொற்பக் கட்டணத்தில் எத்தனையோ மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே பட்டம் பெற்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்களைப் பெருக்குங்கள். தனியாரிடம்தான் படிக்க வேண்டுமென்றால், கடன் வராமற்போனால் அந்தக் கல்லூரியும் நஷ்டத்தில் பங்கு ஏற்க வேண்டும் என்று சட்டம் போடுங்கள். பிறகு பாருங்கள், எத்தனை கல்லூரிகளில் பாடம் ஒழுங்காக நடக்கிறதென்று!

பிச்சை எடுத்தாவது படி என்று நம் முன்னோர் சொன்னதுண்டு. கடன்பட்டாவது படி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. பள்ளிக்கூடத்தை இலவசமாக்கிய காமராஜரின் பெயரைப் பக்கத்து எண்ணூர்த் துறைமுகத்துக்கு 2014-இல் சூட்டினோம். அந்தத் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரிக்கும் சாம்பலுக்கும் நடுவே உழைத்து, அவர் போட்ட பாதையில் மகனை ஒரு படி மேலே ஏற்றப் பார்த்தவர்தான் இந்தக் கிழவர்.

தவணையை நீட்டிக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"பையன் கேட்டா, சும்மா பேசினு இருக்க வந்தேன்னு சொல்லிடு, தம்பி."

யோக்கியதையைப் பற்றி நண்பர் இன்னும் பேச விரும்பினால், அந்த மனிதரின் எதிரில் உட்கார்ந்து பேசட்டும்.