பெரிய சனிக்கிழமை யாருக்கு லீவு?

பெரிய வாரம் நெருங்கினா பட்டணத்துல இருக்கிற சொந்தக்காரங்க போன் பண்ணுவாங்க. "வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் லீவு, ஊருக்கு வரலாமா?" தாராளமா வாங்க. ஆனா அந்த மூணு நாள்ல நடுவுல நிக்கிற சனிக்கிழமையைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு. அதை இங்க எழுதி வைக்கிறேன்.

மார்ச் 21 அன்னைக்கோ அதுக்கப்புறமோ வர்ற பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால அது பெரும்பாலும் பங்குனியில வரும், தள்ளிப் போனா சித்திரைத் தொடக்கத்துல வரும். எங்க காவிரி டெல்டாவுல சம்பா அறுத்த வயல்ல உளுந்து நெத்து காய்ஞ்சு நிக்கிற நேரம் அது. உளுந்து காத்திருக்காது. பனி ஈரம் இருக்கும்போதே செடியைப் பிடுங்கணும். வெயில் ஏறிட்டா நெத்து வெடிச்சு மணி மண்ணுல கொட்டிடும். கோடை மழை ஒண்ணு பெஞ்சா கதை முடிஞ்சது. கோயில்ல "ஓய்ந்திரு, ஜெபம் பண்ணு"ன்னு சொல்ற அதே வாரத்துலதான் வயல் "ஓடி வா"ன்னு கூப்பிடும்.

எங்க பக்கத்துல நோன்பை ஒருசந்தின்னு சொல்வோம். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய ஒருசந்தி, ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. பெரிய வியாழன் பூசையில வானவர் கீதம் பாடும்போது அடிச்ச கோயில் மணி, அப்புறம் சனி ராத்திரி வரைக்கும் அடிக்காது. மணிக்குப் பதிலா மரக்கட்டையைத் தட்டுவாங்க. வெள்ளிக்கிழமை பூசை இல்ல, பாடுகளின் வழிபாடு மட்டும். சனிக்கிழமை பகல்ல அதுவும் இல்ல. பீடத்துல துணி இருக்காது, நற்கருணைப் பேழை திறந்து வெறுமையா கிடக்கும். வருஷத்துல வேற எந்த நாளும் எங்க கோயில் அப்படி இருக்காது.

அந்த வெறுமையான பகலுக்கு வேதத்துலயே ஒரு முன்மாதிரி இருக்கு. லூக்கா நற்செய்தியில பாருங்க. இயேசுவை அடக்கம் பண்ணினதைப் பார்த்துட்டுப் போன பெண்கள், உடம்புல பூசறதுக்கு வாசனைப் பொருளெல்லாம் தயார் பண்ணிட்டாங்க. அவங்களுக்கு அதைவிட அவசரமான வேலை என்ன இருந்திருக்கும்? ஆனா மறுநாள் ஓய்வுநாள். கட்டளைப்படி ஓய்ந்திருந்தாங்க. ஞாயிறு விடியற்காலையிலதான் கல்லறைக்குப் போனாங்க.

அந்தக் கட்டளை நம்ம வீட்டோட நிக்கல. நீயும் உன் பிள்ளைகளும் மட்டுமில்ல, உன் வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, உன் ஊர்ல இருக்கிற அந்நியன் எல்லாருமே ஓய்ந்திருக்கணும்னு யாத்திராகமம் சொல்லுது. சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கோயில்ல ஏசாயா 58ஆம் அதிகாரம் வாசிப்பாங்க. நோன்பு இருக்கிற நாள்லயே வேலையாட்களைக் கசக்கிப் பிழியறவங்களைத்தான் தீர்க்கதரிசி அதுல கண்டிக்கிறார்.

என் கருத்து இதுதான். முதலாளி கோயில்ல முழங்கால் போட்டிருக்க, கூலிக்கு வந்த அக்கா வெயில்ல உளுந்து பிடுங்கினா, அதுக்குப் பேரு தியானம் இல்ல. சரின்னு வேலையை நிறுத்திட்டு கூலியையும் நிறுத்தினா? அன்னாடங்காய்ச்சிக்கு அது ஓய்வு இல்ல, பட்டினி. நாம விரும்பி இருக்கிறது ஒருசந்தி. இன்னொருத்தர் மேல அதை ஏத்தி விட நமக்கு உரிமை இல்ல.

அதனால எங்க வயல்ல முடிஞ்ச வரைக்கும் புதன்கிழமைக்குள்ள பறிப்பை முடிப்போம். மீதி இருந்தா திங்கட்கிழமை. வெள்ளி, சனி ரெண்டு நாளைக்கும் கூலி உண்டு. வர்றவங்கள்ல பாதிப் பேர் கிறிஸ்தவங்க இல்ல, அவங்களுக்கும் உண்டு. "கட்டுப்படி ஆகுமா?"ன்னு கேட்கிறாங்க. ஆகாதுதான். சில மரக்கா உளுந்து கொட்டித்தான் போகும். தவக்காலத்துல தானம் பண்ணணும்னு சொல்றாங்களே, அந்தக் கணக்குல எழுதிக்கிறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் கறக்கிறதை மட்டும் நிறுத்த முடியாது. அதை வீட்டு ஆம்பளைங்க பார்த்துப்போம்.

பட்டணத்துல உங்களுக்கு உளுந்து வயல் இல்ல. ஆனா பாத்திரம் தேய்க்க வர்ற அம்மா இருக்காங்க. அவங்களுக்கு அந்த ரெண்டு நாள் சம்பளத்தோட லீவு கொடுங்க. சனிக்கிழமை சாப்பாடு ஆர்டர் போடாதீங்க, கஞ்சியும் துவையலும் போதும். முக்கியமா, ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு சனிக்கிழமை முழுக்க வெங்காயம் உரிச்சுக்கிட்டு நிக்கிறது உங்க வீட்டுல யாருன்னு பாருங்க. அவங்களுக்கும் தியானம் பண்ணணும்னு ஆசை இருக்கும்.

ஊருக்கு வர்றவங்க வெள்ளிக்கிழமையே வந்துடுங்க. சனிக்கிழமை பகல்ல எங்க வீட்டுல விருந்து கிடையாது, வெளியே சுத்திக் காட்டவும் ஆள் இல்ல. வேப்பமரத்தடியில பாய் இருக்கு. ராத்திரி பாஸ்கா திரி ஏத்தற வரைக்கும் சும்மா உட்காரலாம்.