அந்த பேஸ் எங்கே?

மெட்டாலிகாவின் ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ (1988) எனக்கு உயிர். காலேஜில் இருந்து இன்றைய நைட் ஷிஃப்ட் வரை கூடவே வருகிறது. அந்த உரிமையில் சொல்கிறேன்: அதில் பேஸ் கிட்டார் கேட்காததை ‘அழகியல்’ என்று முட்டுக்கொடுப்பதை நிறுத்துங்கள், மக்களே.

1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து க்ளிஃப் பர்ட்டன் இறந்தார். அடுத்த மாதமே அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். குழுவோடு அவர் செய்த முதல் முழு ஆல்பம் இது. வாசித்தார், பதிவும் ஆனது. மிக்ஸிங்கில் அமுக்கிவிட்டார்கள். பேஸைக் குறைக்கச் சொன்னது லார்ஸ் உல்ரிக் என்று மிக்ஸ் செய்த ஸ்டீவ் தாம்ப்சனே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

“ரிதம் கிட்டாரும் பேஸும் ஒண்ணா வாசிச்சா அப்படித்தான் கேட்கும்” என்பீர்கள். அப்போ 1991 பிளாக் ஆல்பத்தில் அதே ஆளின் பேஸ் நெஞ்சில் இடிக்கிறதே, எப்படி?

2018 மறுவெளியீட்டிலும் பழைய மிக்ஸ்தான். சரி, வரலாற்றைத் திருத்த வேண்டாம். ஆனால் வரலாறு என்றே சொல்லுங்கள், அழகு என்று சொல்லாதீர்கள். நண்பனை இழந்த துக்கம் பெரியதுதான். அதைப் புதிதாக வந்தவன் தலையில் இறக்கியதாகத்தான் எனக்குக் கேட்கிறது.

எல்லோருக்கும் நீதியாம். பேஸ் வாசிச்சவனைத் தவிர.