விளையாடுதல் வேறு, விளையாட்டை ஆக்குதல் வேறு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூட்டரி விளம்பரங்களுக்குக் குறைவில்லை. கணினிப் பாடமும் அவற்றில் உண்டு. ஆசிரியர் கட்டளைகளைச் சொல்ல, மாணவர் கொப்பியில் எழுதி மனனம் செய்யும் வகுப்புகளும் உள்ளன. கடலருகே இருந்துகொண்டு கரும்பலகையில் நீச்சல் கற்பிப்பது போன்றது இது!

மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகம் 2007இல் வெளியிட்ட ‘ஸ்கிராச்’ மென்பொருள் இலவசமானது. அதன் திரையில் நடுப்புள்ளி பூச்சியம். இடக்கோடி மறை 240, வலக்கோடி நேர் 240. பந்து துள்ளும் விளையாட்டொன்றை ஆக்க முனையும் பிள்ளைக்கு ஆள்கூறும் மறை எண்ணும் கோணமும் தேவைப்படுகின்றன. புள்ளிகளைக் கணக்கிட ‘மாறி’ வேண்டும். பந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டால், காரணத்தைப் பிள்ளையே தேடும். சிவப்பு மையுடன் முடிந்துவிடும் பிழை, இங்கே பாடத்தின் தொடக்கமாகிறது.

“கணினி விளையாட்டுப் பிள்ளையைக் கெடுக்கும்” என்பர் பெற்றோர். விளையாடுவதற்கு நேரக்கட்டுப்பாடு அவசியமே. ஆயின் ஆக்குவதையும் தடுப்பது, கதைப் புத்தகத்தில் மூழ்கிவிடுவான் என்றஞ்சி எழுத்தறிவிக்க மறுப்பதற்கு ஒப்பாகும்.

ஒன்பது ‘ஏ’ பெற்றோரின் படங்களைப் பல்லாண்டுகள் பத்திரிகையில் அச்சிட்டவன் நான். தாம் ஆக்கிய பொருளொன்றைக் கையிலேந்தி நின்ற மாணவரின் படம் ஒன்றேனும் என் மேசைக்கு வந்ததாக நினைவில்லை. இக்குறை பிள்ளைகளுடையதா, நம்முடையதா?