வெள்ளைக்காரன் மூடிய சுரங்கம்

மாமல்லபுரத்தில் எந்தக் குகை முன்னால் நின்றாலும் ஒருவர் பக்கத்தில் வந்து ரகசியக் குரலில் சொல்வார்: "இங்கேருந்து காஞ்சிபுரத்துக்கு சுரங்கம் இருக்கு சார். ராஜா குதிரையிலயே போவாராம். வெள்ளைக்காரன் மூடிட்டான்."

நான் பி.காம்! கணக்குப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. தூரம் சுமார் 65 கிலோமீட்டர். 6 அடி உயரம், 4 அடி அகலம் என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம் (குதிரை நுழையாது, ராஜா இறங்கி நடக்கட்டும்). தோண்டியது சுமார் 1,45,000 கன மீட்டர். அதை எங்கே கொட்டினார்கள்? நடுவழியில் மூச்சுக்கு என்ன வழி? ஐப்பசி மழை உள்ளே இறங்கினால்? சந்தேகமிருந்தால் பஞ்சபாண்டவ மண்டபத்தைப் பாருங்கள். பாதியில் நிற்கிறது. பிடாரி ரதங்களும் அப்படியே. கண்ணுக்கு முன்னால் இருப்பதையே முடிக்காதவர்கள் காஞ்சிவரை குடைந்தார்களாக்கும்!

கதைதானே, விடுங்களேன் என்பீர்கள். விட முடியாது. சுரங்கம் என்றால் கூடவே புதையல் வரும். புதையல் என்றால் ராத்திரியில் கடப்பாரை வரும்.

நிஜமாகவே மண்ணுக்கடியில் சரக்கு இருக்கிற இடம் வேறு. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் சானூர். 1950-லும் 52-லும் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. வட்டமாக நட்ட கற்கள். அடியில் கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள், கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள். பல்லவருக்குப் பல நூறு வருடம் முந்தியவர்களின் சமாதி. எத்தனை பேருக்குத் தெரியும்?

இவற்றைப் 'பாண்டவர் குழி' என்பார்கள் கிராமத்தில். அதுவும் கதைதான். பாண்டவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தக் கதை கையைக் கட்டிப்போட்டது. 'பெரியவங்க இடம், தொடாதே!' அயர்லாந்திலும் இப்படித்தான். பழைய வட்ட மண்கோட்டைகளைக் குட்டி தேவதைகளின் வீடு என்று பயந்து, விவசாயிகள் அவற்றின் மேல் ஏர் ஓட்டவில்லை. பல்லாயிரம் பிழைத்தன.

நம் ஊரில் பயம் போய்விட்டது, பிளாட் வந்துவிட்டது. கல்வட்டத்தை ஜேசிபி பிரிக்க அரை மணி நேரம் போதும். தொல்லியல் துறையின் நீல போர்டு ஒன்றும் அதன் குறுக்கே வந்து நிற்காது.

அடுத்த முறை அந்த ஆள் சுரங்கம் என்று ஆரம்பித்தால், "அண்ணே, இந்தப் பக்கம் கல்வட்டம் எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள். பிளாட் போடுகிறவருக்கு மட்டும் சொல்லவேண்டாம்.