பன்றிக்கு ஊசி போடக் குதிரையின் ரத்தமா?

தாய்ப் பன்றி குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் வரை, பொதுவாக மறுபடியும் சினைப் பருவத்துக்கு வருவதில்லை. குட்டிகளைப் பிரித்துவிட்டால், 4 முதல் 7 நாட்களில் பருவத்துக்கு வரும். அதன்பின் சினையானால், 114 நாட்களில் அடுத்த ஈற்று. இது இயற்கை வகுத்த கணக்கு.

ஆனால் எல்லாப் பன்றிகளும் ஒரே நாளில் பருவத்துக்கு வருமா? வராது! முதல் ஈற்றுப் பன்றி பால் கொடுத்தே மெலிந்து போயிருக்கும். அது இன்னும் தாமதமாக வரும்.

இந்தத் தாமதத்தைப் பெரிய பண்ணைக்காரர்கள் விரும்புவதில்லை. சும்மா இருக்கும் நாளிலும் பன்றி தீனி தின்னும் அல்லவா? எல்லாப் பன்றிகளும் ஒரே வாரத்தில் குட்டி போட்டால், கவனிப்பதும் எளிது. ஆகவே குட்டிகளைப் பிரித்ததும் ஒரு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள்.

அந்த ஹார்மோன் எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து!

சினையான சுமார் 40-வது நாளிலிருந்து, பெண் குதிரையின் ரத்தத்தில் இது சுரக்கிறது. 1930-ம் ஆண்டில் கோல், ஹார்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

வாரம் 5 லிட்டர்

ஐஸ்லாந்து, அர்ஜென்டினா, உருகுவே ஆகிய நாடுகளில் இதற்கென்றே குதிரைகளை வளர்த்து ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் 2021-ல் மட்டும் 5 ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகள் இதற்குப் பயன்பட்டன. ஒரு குதிரையிடம் ஒரு தடவைக்கு 5 லிட்டர் வரை எடுக்க அப்போது அனுமதி இருந்தது. வாரம் ஒரு தடவை வீதம், 8 வாரம் வரை எடுக்க முடிந்தது. ஐஸ்லாந்துக் குதிரையோ உருவத்தில் சிறியது!

கர்ப்பிணிப் பெண் ரத்த தானம் செய்ய வந்தால், ரத்த வங்கியில் என்ன சொல்வார்கள்? "வேண்டாம் அம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வயிற்றில் குட்டியைச் சுமக்கும் குதிரைக்கு மட்டும் வேறு நியாயமா?

ரத்தம் எடுக்கும் இடத்தில் குதிரைகளை அடிக்கும் படம் 2021-ல் வெளிவந்தது. பார்த்தவர்கள் பதறினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், இந்த ஹார்மோனைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் நிறுத்த வேண்டும் என்று ஐரோப்பியப் பாராளுமன்றம் தீர்மானம் போட்டது.

வேறு வழி உண்டு

"ஊசி இல்லாவிட்டால் நஷ்டம் வருமே!" என்று பண்ணைக்காரர் கேட்கலாம். அவர் கவலை பொய்யல்ல. ஆனால் வேறு வழி இருக்கிறதே!

பால் கொடுக்கும் காலத்தில் பன்றிக்கு வயிறாரத் தீனி கொடுங்கள். அது மெலியாது. குட்டிகளைப் பிரித்த நாள் முதல், தினமும் ஆண் பன்றியை அதன் முன்னால் கொண்டு வந்து நிறுத்துங்கள். அந்த வாசனையே பருவத்தைத் தூண்டிவிடும்!

மருந்துதான் வேண்டுமா? கருமுட்டை வெளிவரும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு மருந்துக்கு, 2012-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அது தொழிற்சாலையில் செய்யப்படுவது. அதற்குக் குதிரை ரத்தம் தேவையில்லை.

ஹார்மோன் மருந்தே கூடாது என்பதல்ல என் வாதம். விஞ்ஞானம் வேண்டியதுதான். ஆனால் ஒரு பிராணி நாலு நாள் முந்திச் சினையாவதற்காக, இன்னொரு பிராணியின் ரத்தத்தை வாரா வாரம் எடுப்பதா? அது நியாயமே அல்ல!

வேலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. வாயில்லாப் பிராணியை வதைக்காத வழியே நல்ல வழி.