நாளின் கணக்கு

கடைவீதியில் சிறு பலசரக்குக் கடை நடத்துபவரைக் கவனியுங்கள். இரவில் கடையடைக்குமுன் கல்லாவை எண்ணுகிறார். வரவு எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்தச் சரக்குத் தீர்ந்தது என்று குறித்த பின்னரே பூட்டைக் கையில் எடுக்கிறார். பத்து நாள் எழுதாமல் விட்டால் கடையின் கதி என்னவாகும் என்பதை அவர் அறிவார். காசுக்கு இத்துணை விழிப்பாயிருக்கும் நாம், இறைவன் தந்த ஒரு முழு நாளை எண்ணிப் பாராமலே பாயில் சாய்ந்துவிடுகிறோம்.

எண்ணப்படாத நாள்களின் நட்டம் உடனே தெரிவதில்லை. காலையில் கணவர் ஒரு கடுஞ்சொல் சொல்கிறார், மாலைக்குள் மறந்துவிடுகிறார். கேட்ட மனைவி மறப்பதில்லை. பள்ளியிலிருந்து வந்த பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுக்கிறது. 'அப்புறம் பார்க்கலாம்' என்கிறாள் தாய். அந்த அப்புறம் வருவதேயில்லை. இப்படியே ஆண்டுகள் கழிந்தபின், ஒரே கூரையின்கீழ் அயலாராய் வாழ்வோர் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுகின்றனர். இப்பிளவு என்று தொடங்கிற்று என்று கேட்டால், இருவருக்குமே விடை தெரிவதில்லை.

இதற்குத் திருச்சபை கையளித்துள்ள மருந்து மிக எளியது: ஆன்ம சோதனை. இதனை ஒழுங்குபடுத்தித் தந்தவர்களுள் தலைசிறந்தவர் லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார். 1521 மே 20-ல் பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவரது காலை முறித்தது. படுக்கையில் கிடந்த அவ்வீரர், தம் உள்ளத்தின் போக்கையே உற்றுநோக்கலானார். வீரச் செயல்களைப் பற்றிய கனவுகள் அப்போதைக்கு இனித்தன. பின்னர் வறட்சியே எஞ்சிற்று. புனிதர்களைப் போல் வாழும் எண்ணமோ மறைந்த பின்னும் மகிழ்ச்சியைத் தந்தது. இவ்வேறுபாட்டைக் கண்டுணர்ந்ததே அவரது மனமாற்றத்தின் தொடக்கம். பிற்காலத்தில் அவர் இயற்றிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்னும் நூலுக்கு 1548-ல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் ஒப்புதல் அளித்தார். நாள்தோறும் இருமுறை ஆன்ம சோதனை செய்வது இயேசு சபையின் ஒழுங்காயிற்று. 1693-ல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும், தமிழுக்குத் தொண்டாற்றிய வீரமாமுனிவரும் இந்த ஒழுங்கில் உருவானவர்களே.

இஞ்ஞாசியார் காட்டும் படிகள் ஐந்து. முதலாவது, பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூறுதல். இரண்டாவது, குறைகளைக் கண்டுகொள்ள அருள் வேண்டுதல். மூன்றாவது, எழுந்த நேரம் முதல் அந்நேரம் வரை சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றை நினைவிற் கொணர்தல். நான்காவது, மன்னிப்பு வேண்டுதல். ஐந்தாவது, இறையருளின் துணைகொண்டு திருந்த உறுதி கொள்ளுதல்.

நன்றி முதலில் நிற்பதை நோக்குக. குற்றத்தையே முதலில் தேடுபவன் சோர்வடைகிறான். சிலர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்ளும் மனக்கலக்கத்திற்கும் ஆளாகின்றனர். பெற்ற அன்பை முதலில் எண்ணுபவனுக்கோ தன் குறை தெளிவாகத் தெரிகிறது. தந்தையின் வீட்டு உணவை நினைத்த பின்னரன்றோ ஊதாரி மைந்தன் எழுந்து நடந்தான்!

இன்னொரு நுட்பத்தையும் புனிதர் கற்பிக்கிறார். எல்லாக் குறைகளோடும் ஒரே நாளில் போராட வேண்டாம், ஒன்றைத் தேர்ந்துகொள்க. நாளொன்றுக்கு இரு கோடுகள் வரைந்து, அக்குறையில் வீழ்ந்த முறை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்து, நேற்றை இன்றோடும், சென்ற வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிடச் சொல்கிறார். 'நான் கோபக்காரன்' என்று பொதுவாய்ச் சொல்வதில் பயன் குறைவு. 'இன்று மும்முறை சினந்தேன். மூன்றும் பசியோடு வீடு திரும்பிய வேளையில்' என்று கண்டவனுக்கு, நாளை எங்கே விழித்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வரும்போது, சிறுவயதில் மனப்பாடம் செய்த அதே பட்டியலை ஒப்பிக்கவும் அவனுக்குத் தேவையிராது.

குடும்பங்களில் இதற்கென நேரம் தேட வேண்டியதில்லை. இரவுச் செபமாலை முடிந்ததும் விளக்கைச் சற்றே தணித்து ஐந்து நிமிடம் அமைதியாய் அமருங்கள். அன்று கிடைத்த ஒரு நன்மையைச் சிறுவர்கள் வாய்விட்டுச் சொல்லட்டும். குறைகளை அவரவர் ஆண்டவரிடம் மட்டும் சொன்னால் போதும். பிறர் குறையை எடுத்துரைக்கும் நேரமாக அதை மாற்றிவிடாதீர்கள். யாரையேனும் நோகச் செய்தது நினைவுக்கு வந்தால், பொழுது சாய்வதற்குள் சினம் தணிய வேண்டும் என்று எபேசியருக்குச் சின்னப்பர் எழுதிய அறிவுரையைக் கைக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்திருப்பினும் உறக்கம் வருமுன் இன்னும் நேரம் உண்டு. 'நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்னும் ஒரே வாக்கியம், பின்னர் பல ஆண்டு சமரசப் பேச்சாலும் ஆகாததைச் செய்துவிடும்.

கடைக்காரரின் ஏட்டில் கடன் மறுநாளும் நிற்கும். நம் ஆண்டவரோ, மனம் வருந்தி ஒப்படைக்கும் கணக்கைத் தீர்த்துவிட்டுப் புதிய நாளைத் தருகிறார். இன்றிரவே தொடங்குவோம்.